நாற்பத்து மூன்று புகார்கள்

"மேடம், இது நோட்டுப் புஸ்தகம் இல்ல, குற்றப் பத்திரிகை," என்றான் ரேடியோ. "நாப்பத்தி மூணு புகார். எல்லாமே ஒரே கம்ப்யூட்டர் மேல."

ரேடியோ என்பது அவன் பெயரல்ல. எந்தப் பொத்தானை அழுத்தினால் அவன் பேச்சு நிற்கும் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாததால் ஒட்டிக்கொண்ட பட்டம். அவனுடைய முதலாளியம்மாவுக்கும் ஒரு பட்டம் உண்டு. முடிச்சு. ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில், காணாமல் போன மூட்டையின் கயிற்று முடிச்சைப் பார்த்தே எடுத்தவன் யாரென்று சொன்னவள். இப்போது அதே வேலையைத் தனியாகச் செய்கிறாள்.

"படி," என்றாள் முடிச்சு.

பாப்பா கூச்சத்துடன் கொண்டையில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பா. முப்பத்தைந்து வயதுப் பாப்பா. துணி மில்லுக்குப் பூ டிசைன் வரைந்து கொடுப்பவள். அந்த நோட்டு அவளுடையது.

"ஒண்ணு. மூடுற பொத்தான் எங்க இருக்குன்னு தெரியல, வயரைப் பிடுங்கினேன். நாலு. பிரிண்டர் என்னைத் தெரியாத மாதிரியே நடந்துக்குது." ரேடியோவின் குரல் உற்சாகமானது. "பதினொண்ணு. பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லுது, அடிச்சா ஒரு புள்ளிகூட வரல, கீபோர்டு செத்துப் போச்சுன்னு புதுசு வாங்கிட்டேன்."

"அது வராதுதான். திரையில காட்டாது," என்றாள் முடிச்சு. "நானும் ஒரு கீபோர்டு வாங்கினேன்."

"மேடம் வாங்கினது மூணு. நான்தான் தூக்கிட்டு வந்தேன்."

பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கும் நிலையில் அவள் இல்லை. எட்டு வருடம் அவள் வரைந்தாள். எட்டு வருடமும் கணவனின் பெயரில் அது மில்லுக்குப் போனது. பரிசு வாங்க மேடை ஏறியபோதெல்லாம் அவன் அவளைப் பார்வையாளர் வரிசையில் உட்கார வைத்தான். போன வருடம் விவாகரத்து வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்தாள். இந்தக் கம்ப்யூட்டரும் கூடவே வந்தது. அதை அமைத்துக் கொடுத்தவன் அவன். அதன் கடவுச்சொல்லும் அவன் வைத்ததுதான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தோளுக்குப் பின்னால் அவன் நிற்பது போல இருந்தது.

நூலகத்தில் நடந்த சனிக்கிழமை வகுப்பில்தான், கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் பற்றிக் கேள்விப்பட்டாள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், யாரும் பூட்டி வைக்க முடியாது என்று சொன்னார்கள். அந்த இரண்டு வார்த்தைகள் போதுமானதாக இருந்தன. பென் டிரைவில் வாங்கி வந்து, தானே நிறுவினாள். எது புரியாவிட்டாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று வகுப்பில் சொன்னதால்தான் இந்த நோட்டு. பழைய சிஸ்டத்தைச் சாகும்வரை திறப்பதில்லை என்று சபதம். இணைய வயரையும் பிடுங்கிப் பரண் மேல் போட்டாள்.

அப்படியும் திருட்டுப் போனது. ஒன்றல்ல, மூன்று டிசைன். அவள் மில்லுக்குக் கொண்டுபோவதற்கு இரண்டு நாள் முன்பே அதே பூ, அதே கொடி, அதே நிறத்தில் முன்னாள் கணவன் கொடுத்திருந்தான். மில் மேனேஜரம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னாள்: "காப்பி அடிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாதும்மா. ஆனா ரெண்டாவதா வர்றது எப்பவும் நீதான். அடுத்த திங்கட்கிழமை வருஷத் தேர்வு. நாலாவது தடவையும் இப்படி ஆனா உன் படத்தை வாங்க மாட்டோம்."

"நீங்க திருடனைப் பிடிச்சுக் குடுத்தா மட்டும் போதாது," என்றாள் பாப்பா இப்போது. "அந்த ஆள் நாலு பேர் முன்னால பேச வாயில்லாம நிக்கணும். நான் எட்டு வருஷம் நின்ன மாதிரி. அதை நான் பாக்கணும்."

"மிஸ்டர் முன்னாளுக்கு நல்ல காலம் பொறந்தாச்சு," என்றான் ரேடியோ.

முடிச்சு நோட்டை வாங்கிப் புரட்டினாள். மூன்று பக்கங்களின் மூலையை மடித்தாள்.

"பதினாலு, இருபத்தெட்டு, முப்பத்தொம்பது. மூணும் ஒரே புகார். கடிகாரம் தப்பு."

"ஆமா, அது சனியன் பிடிச்ச கடிகாரம். காலையில ஒம்பதுக்கு உக்காந்தா மணி ரெண்டரைன்னு காட்டும். வேலையைத் தொடங்கும்போதே சாப்பாட்டு நேரம் தாண்டியாச்சு. திருத்தி வச்சா கொஞ்ச நாள் ஒழுங்கா இருக்கும், மறுபடி அதே கதை. வகுப்புல சொன்னா, பேட்டரி வீக்கா இருக்கும்னாங்க."

"பேட்டரி வீக்கான கடிகாரம் ஒரு நாள் பத்து நிமிஷம் தப்பும், ஒரு நாள் ரெண்டு மணி நேரம் தப்பும். இது மூணு தடவையும் சரியா அஞ்சரை மணி நேரம் முன்னால. ஒரு நிமிஷம் கூடக் குறையல. இவ்வளவு ஒழுங்கா யாராவது தப்பு பண்ணுவாங்களா?" முடிச்சு நிமிர்ந்தாள். "இந்த மூணு தேதியும் வியாழக்கிழமை. அவர் டிசைன் மூணையும் மில்லுல குடுத்தது எப்போ?"

பாப்பா யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் வெளுத்தது. ஒவ்வொன்றும் அதே வாரத்துச் சனிக்கிழமை.

"நிறுவும்போது ஒரு கேள்வி கேட்டிருக்குமே," என்றாள் முடிச்சு. "எல்லாத்தையும் அழிக்கவா, பழசுக்குப் பக்கத்துலயே வைக்கவான்னு."

"பயந்துட்டேன். பக்கத்துல வைன்னு சொல்லிட்டேன்."

"முடிஞ்ச படத்தை எங்க வைப்பீங்க?"

"எப்பவும் வைக்கிற இடத்துலதான். பழைய டி டிரைவ்ல. புதுசுலேர்ந்தே அது திறக்குதே."

ரேடியோ நெற்றியில் அடித்துக்கொண்டான். "வீட்டை மாத்திட்டு, நகை பீரோவைப் பழைய வீட்டுலயே விட்டுட்டு வந்திருக்கீங்க மேடம். பீரோவுல சாவி தொங்கத் தொங்க!"

முடிச்சு கம்ப்யூட்டரை அணைத்து மீண்டும் எழுப்பினாள். எந்த சிஸ்டம் வேண்டும் என்று கேட்டுப் பத்து விநாடி மட்டும் தோன்றும் பட்டியலில் அம்புக்குறியைக் கீழே நகர்த்திப் பழைய சிஸ்டத்தைத் திறந்தாள். பாப்பா கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவை பாருங்க. இப்போ மணி பத்து. இது என்ன காட்டுது?"

"நாலரை."

"பெட்டிக்குள்ள கடிகாரம் ஒண்ணுதான். அதுல உலகப் பொது நேரத்தை வைக்கும் உங்க புதுசு. இங்க நாம அதுக்கு அஞ்சரை மணி நேரம் முன்னால இருக்கோம், அதைக் கூட்டிக் காட்டும். பழசுக்கு அந்தக் கூட்டலே கிடையாது. உள்ள இருக்கிறதுதான் உள்ளூர் நேரம்னு நம்பும். ஒரே கடிகாரத்தை ரெண்டு பேரும் ரெண்டு விதமா படிக்கிறாங்க." முடிச்சு எதையும் தொடாமல் அதை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தாள். மணி பத்தே கால் என்று சரியாகக் காட்டியது.

"மேடம், ஆனா இப்போ சரியாத்தானே..." என்று ரேடியோ தொடங்கினான். முடிச்சு அவன் காலை மிதித்தாள். ரேடியோ முதல் தடவையாக அணைந்தது.

"ஒவ்வொரு புதன்கிழமையும் நீங்க எங்க இருப்பீங்க?"

"மில்லுல. சாயம் பாக்கிற நாள். காலையில போனா சாயங்காலம்தான் வருவேன்."

"அப்போ இந்த அறைச் சாவி?"

பாப்பா படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். கீழே சமையலறையிலிருந்து சாவிக் கொத்து குலுங்கும் சத்தம் கேட்டது. அண்ணி. வந்த நாளிலிருந்து, "தனியா உக்காந்து அப்படி என்னதான் வரையறே," என்று கேட்கும் அண்ணி. நேற்றுகூட மாடிக் குழாயை மூடாமல் விட்டதற்கு அரை மணி நேரம் பேசிய அண்ணி.

"இப்பவே போய் அந்தக் கொத்தைப் பிடுங்கிக் கேக்கறேன்!"

"உக்காருங்க. திருடினவரைப் பிடிச்சா வீட்டுக்குள்ள ஒரு சண்டை, அவ்வளவுதான். மில்லுல உங்க பேர் அப்படியேதான் இருக்கும். பழி வாங்கணும்னு சொன்னீங்களே, அதுக்குப் பொறுமை வேணும். புதன்கிழமைக்குள்ள ஒரு டிசைன் வரைய முடியுமா? அவர் எடுத்துட்டுப் போறதுக்குன்னே?"

பாப்பா பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினாள். அதன் முனையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெல்லச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து ரேடியோ நாற்காலியை ஒரு சாண் பின்னால் நகர்த்திக்கொண்டான்.

"ஒரு கட்டம் வரைஞ்சா, அதையே பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் துணி முழுக்க அச்சடிப்பாங்க," என்றாள். "வலது ஓரமும் இடது ஓரமும் சேர்ற இடத்துக்கு ஒட்டுன்னு பேரு. வரையறவங்க முதல்ல பாக்கிறது ஒட்டைத்தான். அந்த ஆளுக்கு எட்டு வருஷமும் ஒட்டு பாத்துக் குடுத்தது நான்."

"விரிச்சுப் பாத்துட்டார்னா?" என்றான் ரேடியோ.

"என் படம் ஒண்ணையாவது அவர் முழுசா விரிச்சுப் பாத்திருந்தா, நான் ஏன் தம்பி இந்த மாடியறையில உக்காந்திருக்கேன்?"

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். மணி இரண்டரை என்றது அது. பாப்பா நோட்டை எடுத்து எழுதினாள்: "புகார் 44. கடிகாரம் தப்பு. சந்தோஷம்."

அன்று சாயங்காலம் முடிச்சும் ரேடியோவும் வந்தார்கள். கூடத்தில் காப்பி. பாப்பாவால் அடக்க முடியவில்லை.

"நீங்கதானே அண்ணி?" என்றாள். "நேத்து என் ரூமைத் திறந்தது நீங்கதானே? உங்க வீட்டுல சோறு சாப்பிடறேன்னு இந்தப் பழி தீத்துக்கறீங்களா?"

அண்ணி தட்டை வைத்த சத்தத்தில் காப்பி சிந்தியது. "நானா? உன் கம்ப்யூட்டரையா? மிக்ஸியில மூணாவது பட்டனைத் தொடவே எனக்குப் பயம்! வாய் இருக்குன்னு எது வேணாலும் பேசுவியா பாப்பா?"

"சாவி உங்க இடுப்புலதானே இருக்கு!"

"என் இடுப்புல இருக்கிறது எல்லாத்துக்கும் நானே பொறுப்புன்னா, இந்த வீட்டு மொத்தப் பாவமும் என் தலையிலதான்!" அண்ணி உள்ளே போனாள். உடனே சர்க்கரையோடு திரும்பினாள். மறுபடியும் துணி எடுத்துவந்து மேஜையைத் துடைத்தாள். மூன்று தடவையும் சுவரிலிருந்த கடிகாரத்துக்கு அடியில்தான் நடந்தாள். கடைசித் தடவை நிமிர்ந்து பார்த்து, "இவர் வர்ற நேரமாச்சு," என்று முணுமுணுத்தாள்.

முடிச்சு ரேடியோவைப் பார்த்தாள். ரேடியோ, இவர் இல்லை என்பது போல ஒரு விரலை ஆட்டினான்.

"திங்கட்கிழமை நான் பழசைத் திறந்து மூடினேனே," என்றாள் முடிச்சு பாப்பாவிடம், தணிந்த குரலில். "அதுக்கப்புறம் உங்க புதுசுல மணி சரியாத்தான் இருந்துது. கவனிச்சீங்களா?"

பாப்பா திகைத்தாள்.

"சும்மா திறந்தா எதுவும் ஆகாது. இணையமும் இல்ல, தானாத் திருத்திக்கவும் முடியாது. திறந்தவர் திரை ஓரத்துல அஞ்சரை மணி நேரம் பின்னால இருக்கிற கடிகாரத்தைப் பாத்திருக்கார். பாத்துட்டுச் சும்மா இருக்க முடியல. கையால திருத்தி வச்சிருக்கார், நிமிஷம் பிசகாம. அவர் பழசைத் திருத்தினதாலதான் உங்க புதுசு தப்பாச்சு. யோசிங்க. திருட வந்த இடத்துல, பென் டிரைவோட, எந்த நிமிஷமும் ஆள் வரலாம்ங்கிற பயத்தோட, கடிகாரத்தைத் திருத்தற மனுஷன் யாரு?"

வாசலில் பைக் நின்றது. அண்ணன் வந்தார். பஸ் டிப்போவில் இருபத்திரண்டு வருடமாக டைம் கீப்பர். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் நூற்று எண்பது பஸ்கள் புறப்படும். புதன்கிழமை வார விடுமுறை. பாப்பாவின் ஆறு வயதில் அவளைச் சைக்கிளில் வைத்து ஓட்டிக் கீழே போட்டவர். அவளுடைய இடது புருவத்தின் குறுக்கே இருக்கும் தழும்பை இன்றும் பார்த்து வருத்தப்படுபவர். விவாகரத்தான அன்று, "அவன் கையை ஒடிக்கிறேன்," என்று தெருவே கேட்கக் கத்தியவரும் அவர்தான்.

"அடடே, விருந்தாளிங்களா? வாங்க, வாங்க..." பேச்சு அந்தரத்தில் நின்றது. கண் சுவருக்குப் போனது. மணிக்கட்டுக்குப் போனது. மறுபடி சுவருக்கு. செருப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். பின்பக்கத் திருகைப் பிடித்துப் பெரிய முள்ளைச் சரியாக ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளினார்.

ரேடியோ காப்பி டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒம்பது நிமிஷம்," என்றான் ரேடியோ. "வந்ததும் நான்தான் சார் பின்னால தள்ளி வச்சேன். உங்க சம்சாரம் மூணு தடவை அதைக் கடந்து போனாங்க, ஒரு தடவை நிமிர்ந்துகூடப் பாத்தாங்க. ஒண்ணும் தோணல. நீங்க செருப்போட ஏறிட்டீங்க."

அண்ணன் ஸ்டூலின் மேலேயே நின்றார். கீழே பாப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களா அண்ணா?"

"பாப்பா, நான் உன் நல்லதுக்குத்தான்..."

"எது நல்லது?"

"நீ தோத்துட்டா திரும்பிப் போயிடுவேன்னு நினைச்சேன். அவர்தான் சொன்னார், பாஸ்வேர்டும் அவர்தான் குடுத்தார். 'மில்லுல வாய்ப்பு நின்னா தானா வீட்டுக்கு வந்துடுவா, நான் ஏத்துக்கறேன்'னார். எத்தனை நாளைக்கு மாடியறையில தனியா இருப்பே? டிப்போவுல ஆளாளுக்குக் கேக்கறாங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா, உலகம்..."

"முதல்ல ஸ்டூலை விட்டு இறங்குங்க," என்றாள் அண்ணி. அந்தக் குரலுக்கு நூற்று எண்பது பஸ்களும் நின்றிருக்கும். "ஃபோனைக் குடுங்க. திங்கட்கிழமை வரைக்கும் அது என்கிட்ட இருக்கும். அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை போச்சு, அப்புறம் நீங்களும் மாடியறைக்குப் போக வேண்டியதுதான்."

ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு, பாப்பாவின் எதிரே வந்து நின்றாள். "சாவியை இவர்கிட்ட நான்தான் குடுத்தேன். ஜன்னல் கொக்கி சரி பண்ணணும்னார். என்னைத் திட்டினதுக்கு நீ மன்னிப்பு கேக்க வேண்டாம். திங்கட்கிழமை ஜெயிச்சுட்டு வந்து கேளு."

*

மில்லின் தேர்வு அறை நீளமானது. ஒரு கோடியில் கம்பிகள். அதில் துணியைத் தொங்க விடுவார்கள். மறு கோடியில் மேனேஜரம்மாவும் தேர்வுக் குழுவில் ஆறு பேரும். முன்னாள் கணவன் கருநீலச் சட்டையில், பார்வையாளர் பெஞ்சில் இருந்த பாப்பாவைக் கண்டும் காணாதவனாக நின்றான். அச்சகத்திலிருந்து நேராக வந்த துணிச் சுருள், கட்டியிருந்த நாடாகூட அவிழாமல் அவன் கையில்.

"இந்தத் தடவை ரொம்ப உழைச்சேன்," என்றான். "ஒவ்வொரு இலையும் என் கைப்பட வரைஞ்சது."

சுருள் அவிழ்ந்தது. பச்சை இலைகளும் செம்பூக்களுமாகத் துணி தரைவரை இறங்கியது. அவன் அதன் பக்கத்தில், ஒரு முழ தூரத்தில், இலைகளை மட்டும் பார்த்து நின்றான்.

எதிர்க் கோடியில் ஒருவர் இருமினார். இன்னொருவர் எழுந்தார். மேனேஜரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"சார், இங்க எங்க பக்கம் வந்து நின்னு பாருங்க," என்றாள்.

அவன் சிரித்த முகத்துடன் நடந்து வந்து திரும்பினான். சிரிப்பு உதட்டிலேயே உறைந்தது.

ஒவ்வொரு ஒட்டிலும் ஒரு முகம். வலது ஓரத்து இலைகள் பாதி, இடது ஓரத்துக் கொடி பாதி. சேர்ந்த இடத்தில் மூக்கு, கண், மூடிய வாய். இடது புருவத்தின் குறுக்கே மட்டும் ஒரு காம்பு முறிந்திருந்தது. தரையிலிருந்து உத்தரம்வரை அத்தனை முகங்களும் கண் இமைக்காமல் அவனையே பார்த்தன.

"நூத்திப் பன்னெண்டு முகம்," என்றான் கதவோரம் நின்ற ரேடியோ. "எண்ணிட்டேன்."

மேனேஜரம்மா துணியைப் பார்த்தாள். பெஞ்சிலிருந்து எழுந்து நின்ற பாப்பாவின் புருவத்தைப் பார்த்தாள். மறுபடியும் துணியைப் பார்த்தாள்.

"உங்க கைப்பட வரைஞ்சதுன்னீங்க," என்றாள் அவனிடம். "முன்னாடி குடுத்த மூணும்கூட அப்படித்தான்னீங்க. அதுல ஏதாவது ஒண்ணுக்கு ஒட்டு எங்க வருதுன்னு இங்க போட்டுக் காட்டுங்க."

ஒரு வெள்ளைத் தாள் மேஜைமேல் வந்தது. பாப்பா நடந்து வந்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவி அவன் கையில் வைத்தாள். எட்டு வருடத்தில் அவள் அவனிடம் பென்சில் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

அவன் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பென்சில் முனை தாளைத் தொட்டது, ஒரு புள்ளிக்கு மேல் நகரவில்லை. ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா எட்டாவது. அவள் ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தாள்: காதோரம் இறங்கிய வியர்வை, ஏதோ சொல்லத் திறந்து மூடிய வாய்.

"பென்சில் எனக்கு வேணும்," என்று கடைசியில் அவளே திருப்பி வாங்கிக்கொண்டாள். "வேலை இருக்கு."

*

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி படியிலேயே நின்றாள். பாப்பா அவள் தோளில் சாய்ந்து மன்னிப்புக் கேட்டாள். அண்ணி, "சரி சரி, மாடிக் குழாயை மூடிட்டுப் போ," என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மாடியறையில் பாப்பா தன் படங்களை எல்லாம் புதிய சிஸ்டத்தின் பக்கம் மாற்றினாள். முடிச்சு ஃபோனில் சொல்லச் சொல்ல, பழையதை அழிக்கும் கருவியைத் திறந்தாள். கதவருகே நிழல் தட்டியது.

"பாப்பா, சாப்பிட்டியா?"

"உள்ள வாங்க அண்ணா. உக்காருங்க."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். திரையில் கேள்வி நின்றது: இந்தப் பகுதியில் உள்ள அனைத்தும் அழியும். தொடரலாமா?

"இதே மாதிரி ஒரு கேள்வி அன்னிக்கும் கேட்டுது. பயந்து பக்கத்துலயே வச்சுக்கிட்டேன்," என்றாள். "இன்னிக்கு நீங்க அழுத்துங்க."

"இதுல உன் கல்யாண ஃபோட்டோ எல்லாம் இருக்கேம்மா. ஒண்ணுகூட மிஞ்சாது."

"தெரியும். அந்தக் கல்யாணத்துக்கு நாள் குறிச்சது நீங்கதானே? முடிச்சு வைக்கிறதும் நீங்களா இருக்கட்டும்."

அண்ணன் அவள் புருவத்தைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைத் தப்பிக்க விடவில்லை. நேராகப் பார்த்தாள், துணியில் பார்த்த அதே பார்வை. அவர் விரல் மெல்ல நீண்டு பொத்தானை அழுத்தியது. நீலப் பட்டை நகர்ந்து முடிந்தது.

பழக்க தோஷத்தில் அவர் கண் திரையின் ஓரத்துக்குப் போனது, பிறகு மணிக்கட்டுக்கு. இரண்டும் மூன்று பத்து என்றன. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க அண்ணா," என்றாள் பாப்பா, பென்சிலைச் சீவியபடி. "இனிமே இது தப்பாக் காட்டாது."